பறிபோனது யாருடைய பணம்?

திருப்பூரில் சனிக்கிழமை சாயந்திரம்தான் சம்பளம். ஓவர்லாக் டெய்லர், செக்கிங் அக்கா, அயர்ன் மாஸ்டர் எல்லார் கையிலும் அன்றைக்குத்தான் காசு புரளும். வாரக்கூலிக்காரரின் சேமிப்பு என்பது சீட்டு, நகை, இல்லாவிட்டால் 'நல்ல வட்டி' தருகிற யாரோ ஒருவர்.

2008-09இல் அந்த 'யாரோ ஒருவர்' பாசி நிறுவனம். ஃபாரெக்ஸ் வர்த்தகத்தில் லாபம் எடுத்துத் தருவதாகச் சொன்ன திருப்பூர் கம்பெனி. வழக்கின் கணக்குப்படி 58,571 பேரிடமிருந்து சுமார் 930 கோடி ரூபாய் வாங்கியிருக்கிறது. வகுத்துப் பார்த்தேன்: தலைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

இதுவரைக்கும் எல்லா ஊரிலும் நடக்கிற மோசடிதான். அதன்பின் நடந்ததுதான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது.

2009 டிசம்பரில் நிறுவனத்தின் பெண் இயக்குநர் ஒருவர் காணாமல் போனார். சில நாட்களில் திரும்பி வந்தார். தன்னைக் கடத்தி வைத்திருந்ததாகவும், போலீஸார் பேரம் பேசிக் கோடிக்கணக்கில் பணம் பறித்ததாகவும் புகார் எழுந்தது. விசாரணை சிபிஐ கைக்குப் போனது. அப்போது மேற்கு மண்டல ஐ.ஜி.யாக இருந்த பிரமோத் குமார் 2012 மே மாதம் கைதானார். அவர் குற்றவாளியா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடாது.

ஆனால் அந்தக் குற்றச்சாட்டின் அமைப்பைப் பாருங்கள். யாரைக் கைது செய்வது, யாரை விடுவது, எந்தக் கணக்கை முடக்குவது என்று தீர்மானிக்கிற அதிகாரம் விசாரணை அதிகாரிக்கு உண்டு. சட்டம் அதைக் கொடுத்தது ஏமாந்தவர்களுக்காக. அந்த அதிகாரத்துக்கே விலை வைத்தால், கொடுக்கிறவர் கையில் இருப்பது யாருடைய பணம்? செக்கிங் அக்காவின் பணம். ஆனால் சட்டத்தின் கண்ணில் இந்த இரண்டாவது குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் மோசடி வழக்கின் குற்றவாளி! அக்கா அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை.

2018இல் பிரமோத் குமார் தொடர்பான ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. துறை விசாரணைக்கான குற்றக் குறிப்பாணைக்கு உரிய அதிகாரி ஒப்புதல் தரவில்லை என்று அது ரத்தானது. ஆறு ஆண்டுக்கு மேல் நீண்ட பணி இடைநீக்கமும் சரியல்ல என்றது நீதிமன்றம். படித்தபோது முதலில் கோபம் வந்தது. யோசித்தால் தீர்ப்பு சரிதான். குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் முறைப்படி நடத்தப்படும் உரிமை உண்டு. தப்பு, ஒப்புதலே வாங்காமல் குறிப்பாணை கொடுத்த அரசு நிர்வாகத்தினுடையது. அதிகாரம் மீறப்பட்டதாகப் புகார் வந்தால், அதை விசாரிப்பதிலாவது ஒழுங்கு வேண்டாமா?

2022 ஆகஸ்டில் கோவை சிறப்பு நீதிமன்றம் மோசடி வழக்கில் இரண்டு இயக்குநர்களுக்குத் தலா 27 ஆண்டு சிறையும், மொத்தம் 171.74 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. முழுசாக வசூலானாலும் அது 930 கோடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டம் 1997லேயே வந்துவிட்டது. சொத்தை முடக்கு, ஏலம் விடு, பங்கிட்டுக் கொடு என்று வழி சொல்கிறது. ஆனால் முடக்குவதற்கு முன் கைமாறிப் போன பணத்தை எந்த ஏலத்தில் விடுவது? நிறுவனம் மூழ்கியதற்கும் தீர்ப்புக்கும் நடுவே 13 வருஷம். அறுநூற்றுச் சொச்சம் சனிக்கிழமைகள். அத்தனையிலும் அக்கா சம்பளம் வாங்கி, மறுபடி முதலிலிருந்து சேர்க்க ஆரம்பித்திருப்பார்.