பட்டியல் காத்ததும் காக்காததும்: பாரிஸின் லா சமாரித்தேன், 1870–2021

செய்ன் நதிக்கரையில், போன் நெஃப் பாலத்தை ஒட்டி நிற்கும் லா சமாரித்தேன் பேரங்காடி 2005 ஜூனில் மூடப்பட்டு, 2021 ஜூனில் மீண்டும் திறக்கப்பட்டது. இந்தப் பதினாறு ஆண்டுகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ரிவோலி சாலையில் எழுந்த கண்ணாடி முகப்பைச் சுற்றியே நடந்தது. நினைவுச்சின்னப் பட்டியல் எதைக் காத்தது, எதைக் கைவிட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலத்தில் குடைக்கடியில் துணி விற்றுவந்த எர்னெஸ்ட் கோஞாக், 1870-ல் அருகிலேயே சிறு கடை பிடித்தார். பாலத்தில் முன்பு இருந்த நீரேற்று நிலையத்தின் பெயரே கடைக்கும் வாய்த்தது. கிணற்றடியில் இயேசுவுக்குத் தண்ணீர் தரும் சமாரியப் பெண்ணின் சிற்பம் அந்நிலையத்தை அலங்கரித்திருந்தது. போன் மார்ஷே அங்காடியில் தேர்ந்த விற்பனையாளராக இருந்த மரி லூயிஸ் ஜேயை 1872-ல் அவர் மணந்தார். கடை பக்கத்து மனைகளை ஒவ்வொன்றாக வாங்கி விரிந்தது.

கட்டடக் கலைஞர் ஃபிரான்ஸ் ஜூர்தேன் இக்கதைக்குள் வரும் விதம் குறிப்பிடத்தக்கது. பேரங்காடியைக் களமாகக் கொண்டு எமில் ஸோலா 1883-ல் வெளியிட்ட நாவலுக்காக, கற்பனை அங்காடி ஒன்றின் அமைப்பை அவருக்கு வகுத்துக் கொடுத்தவர் இவர்தான். இருபதாண்டுகளுக்குப் பின், 1905-க்கும் 1910-க்கும் இடையே, அதை ஒத்த அங்காடியை உண்மையிலேயே கட்டினார். இரும்புச் சட்டகத்தைக் கல்லால் மூடி மறைக்காமல் தெருவுக்குக் காட்டினார். எரிமலைப் பாறைப் பலகைகளில் எனாமல் பூசி, மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூங்கொடிகளையும் எழுத்துகளையும் வரைவித்தார். உள்ளே கண்ணாடிக் கூரை; அதன் விளிம்பைச் சுற்றி அவர் மகன் ஃபிரான்சிஸ் தீட்டிய மயில்கள்; கீழே அகன்ற படிக்கட்டு. வெளிச்சம் கீழ்த்தளங்களுக்கும் இறங்கட்டும் என்று தரையிலும் கண்ணாடிப் பலகைகளைப் பதித்தார்.

பாரிஸின் ரசனை இதை ஏற்கவில்லை. 1920-களின் பிற்பகுதியில் ஜூர்தேன் கட்டடக் கலைஞர் ஆன்ரி சோவாஜுடன் சேர்ந்து நதியை நோக்கி ஆர்ட் டெகோ பாணியில் அங்காடியை விரிவாக்கியபோது, வெளிர்நிறக் கல்லால் முகப்பு அமைந்தது. பழைய கட்டடத்தின் குவிமாடங்கள் பின்னர் அகற்றப்பட்டன. எனாமல் வண்ணங்கள் மேற்பூச்சுக்குள் மறைந்தன. ஒரு காலத்தில் நகரின் அழகுக்குக் கேடு என்று பழிக்கப்பட்ட அதே இரும்புக் கட்டடம்தான் 1990-ல் நினைவுச்சின்னமாகப் பதிவானது.

பதிவு கட்டடத்துக்குக் கிடைத்தது, வியாபாரத்துக்கு அல்ல. 2001-ல் ஆடம்பரப் பொருள் குழுமமான எல்.வி.எம்.எச். அங்காடியைக் கைப்பற்றியது. தீப்பாதுகாப்புக் குறைபாடுகளைக் காட்டி 2005-ல் அது மூடப்பட்டபோது, இது வெறும் சாக்கு என்று தொழிற்சங்கங்கள் சந்தேகித்தன. ஆணி முதல் ஆடை வரை எல்லாம் கிடைக்கும் கடையாகச் சாதாரணப் பாரிஸ்வாசிகள் அறிந்திருந்த இடம் அத்துடன் முடிந்தது.

பின்னர் வந்த திட்டத்தில் விடுதி, அலுவலகம், குடியிருப்பு, கடை எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்தன. ரிவோலி சாலைப் பக்கத்தில் பட்டியலில் இல்லாத பழைய வீடுகளை இடித்து, ஜப்பானிய நிறுவனமான சனா வடிவமைத்த அலையலையான கண்ணாடி முகப்பை எழுப்ப 2012-ல் அனுமதி கிடைத்தது. பாரம்பரியக் காப்புச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. நிர்வாக நீதிமன்றம் 2014-ல் அனுமதியை ரத்து செய்தது. 2015 ஜனவரியில் மேல்முறையீட்டு மன்றமும் அதையே உறுதிசெய்தது. உச்ச நிர்வாக நீதிமன்றமான கோன்செய் தெத்தா 2015 ஜூன் 19 அன்று அத்தீர்ப்பை மாற்றியது. நகரின் விதி சுற்றுப்புறத்தோடு இயைவைக் கேட்டாலும், தற்காலக் கட்டடக் கலைக்கும் இடம் தருகிறது என்று விதியை முழுமையாக வாசித்ததே அம்மன்றத்தின் அடிப்படை.

ஜூர்தேனும் தம் காலத்தில் பழிக்கப்பட்டார், ஆகவே சனாவையும் ஏற்க வேண்டும் என்று ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். இந்த ஒப்பீட்டை என்னால் ஏற்க முடியவில்லை. ஜூர்தேன் கட்டியது தெருவில் போகிறவர் யாரும் நுழையக்கூடிய கடை. கண்ணாடி முகப்பு அழகானதே. மீட்கப்பட்ட எனாமல் பலகைகளும் மயில்களும் கண்ணுக்கு விருந்தே. ஆனால் சுமார் 70,000 சதுர மீட்டர் வளாகத்தில் பேரங்காடிக்கு எஞ்சியது ஏறத்தாழ 20,000 மட்டுமே. நதிப்பக்கக் கட்டடம் 72 அறைகள் கொண்ட ஆடம்பர விடுதியானது. மீண்டும் திறந்தபோது கடையை நடத்தியது விமான நிலையத் தீர்வையற்ற விற்பனையில் தேர்ந்த டி.எஃப்.எஸ்.; அதன் கணக்கு வெளிநாட்டுப் பயணிகளை நம்பியது. மாநகராட்சி வற்புறுத்திப் பெற்ற 96 சமூகக் குடியிருப்புகளும் குழந்தைகள் காப்பகமும்தான் அக்கம்பக்கத்தாருக்குக் கிடைத்த பங்கு. நினைவுச்சின்னச் சட்டத்தில் அவற்றுக்கு எந்த ஆதாரமும் இல்லை. நகரத் திட்டப் பேரத்தில் வென்றெடுக்கப்பட்டவை அவை.