மருத்துவமனை எழுந்த நிலம்



ஜெர்மனி தேசத்தில் மைன் நதிக்கரையில் வூர்ஸ்பர்க் என்னும் பழைமையான நகரம் இருக்கிறது. அதைச் சூழ்ந்த குன்றுகளின் சரிவெங்கும் திராட்சத்தோட்டங்கள். அந்நகரின் ரோமன் கத்தோலிக்கப் பேராயரும் ஆட்சியாளருமாயிருந்த யூலியுஸ் எக்டர், 1576-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று அங்கே ஒரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். ஏழைகள், நோயாளிகள், அநாதைகள், வழிச்செல்லும் யாத்திரிகர் ஆகியோரைப் பேணுவது அதன் நோக்கம். அந்தப் பணி என்றென்றும் நடைபெறும்படி திராட்சத்தோட்டங்களையும் வயல்களையும் காடுகளையும் அதற்கு உடைமையாக்கினார். திராட்சரசம் விற்ற பணம் நோயாளிகளின் அப்பமாயிற்று.

கட்டடமும் அவ்வாறே அமைந்தது. 1699-இல் தீயினால் சேதமுற்ற வடபுறப் பகுதியை மீண்டும் எழுப்பியபோது, அதன் அடியில் ஏறத்தாழ 250 மீட்டர் நீளமுள்ள நிலவறை உருவானது. கற்சுவர்களும் மண்ணும் கோடையிலும் அதைக் குளிர்ச்சியாய் வைத்திருக்க, அங்கே மரப்பீப்பாய்களில் திராட்சரசம் பக்குவமடைந்தது. ஒரே வளாகத்தில் வாணிபமும் வைத்தியமும் வழிபாடும் நடந்தன. 1945 மார்ச் 16 அன்று குண்டுவீச்சில் அந்நகரம் அழிந்தது. மருத்துவமனை மறுபடியும் கட்டப்பட்டது. இன்றும் அந்த அறக்கட்டளைக்கு ஏறத்தாழ 180 ஹெக்டேர் திராட்சத்தோட்டம் உண்டு. காயப்பட்டவன்மேல் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்த நல்ல சமாரியன் நம் நினைவுக்கு வருகிறான் அல்லவா?

ஆயினும், அன்பானவர்களே, அந்த நிலத்தின் முந்தைய சரித்திரத்தையும் நாம் அறிய வேண்டும். அது யூதர்களின் கல்லறைத் தோட்டம். 1147-இல், இரண்டாம் சிலுவைப்போரின் நாட்களில், அந்நகரத்து யூதர்கள் கொலைசெய்யப்பட்டார்கள். அப்போதிருந்த பேராயர் சிதறிக்கிடந்த உடல்களைச் சேர்த்துத் தம்முடைய தோட்டத்திலேயே அடக்கம்பண்ணுவித்தார். பின்னர் யூதர்கள் அத்தோட்டத்தை விலைகொடுத்து வாங்கினார்கள். நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்தபின் மற்றொரு பேராயர் அதைப் பறித்துக்கொண்டார். அவர்களுடைய முறையீடு பலிக்கவில்லை.

அக்கல்லறைத் தோட்டம் அதற்கு முன்னரும் சூறையாடப்பட்டிருந்தது. 1349-இல் யூதர்கள் மீண்டும் அழிக்கப்பட்டபின், அங்கிருந்த கல்லறைக் கற்கள் பெயர்க்கப்பட்டு ஒரு கன்னியர் மடத்தின் சுவர்களில் வைத்துக் கட்டப்பட்டன. 1987-இல் அவ்விடத்திலிருந்த ஒரு வீட்டை இடித்தபோது, 1,500-க்கும் மேற்பட்ட கற்களும் துண்டுகளும் எபிரெய எழுத்துகளோடு வெளிப்பட்டன. மனிதர் மறந்த பெயர்களைக் கற்கள் சுமந்திருந்தன.

ஆகாப் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை அபகரித்தது தன் கீரைக்கொல்லைக்காக. அங்கே தீர்ப்புக் கூறுவது நமக்கு எளிது. எக்டரோ ஏழைகளுக்காகப் பறித்தார். அந்த மருத்துவமனையில் சுகமடைந்தோரின் நன்றியும் மெய். நிலத்தை இழந்தோரின் கண்ணீரும் மெய். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழித்துவிட முடியாது. நோக்கம் பரிசுத்தமானது என்பதால் வழியும் பரிசுத்தமாகிவிடாது.

நாமும் ஆலயம் கட்டுகிறோம், பள்ளி நிறுவுகிறோம், ஊழியத்துக்கென்று நிலம் தேடுகிறோம். வரைபடத்தை விரிக்குமுன் ஒரு கேள்வி கேட்போமாக: இந்த மண் யாருடையது? இதை விட்டுப்போனவர்கள் மனமுவந்து போனார்களா? அஸ்திபாரத்தின் கீழிருப்பதையும் காண்கிற கர்த்தர், நீதியாய்க் கட்டும் இருதயத்தை நம் யாவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.