ஹாஜியின் இடுப்பில் கட்டிய பணம்

1953 ஜூலையில் சவூதி அரேபியாவில் ஒரு காகிதம் புழக்கத்துக்கு வந்தது. மதிப்பு 10 ரியால். பார்க்க ரூபாய் நோட்டைப் போலவே இருந்தாலும் அதை யாரும் நோட்டு என்று சொல்லவில்லை. யாத்திரிகர் ரசீது என்றார்கள். இதைக் கொண்டுவருபவருக்கு உரிய 10 ரியால் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது என்று வெளியிட்ட நிறுவனம் அதில் உறுதி கொடுத்திருந்தது. அரபியோடு ஆங்கிலம், உருது, பாரசீகம், துருக்கி போன்ற மொழிகளிலும் வாசகம் அச்சாகியிருந்தது. படிக்க வேண்டியவர்கள் அந்த நாட்டு மக்கள் அல்லர். அடுத்த மாதம் ஹஜ்ஜுக்காகக் கப்பலில் வந்து இறங்கப் போகிற வெளிநாட்டார்.

சவூதி அரேபியாவின் முதல் காகிதப் பணம் இதுதான். சில வாரங்கள் தங்கிவிட்டு ஊர் திரும்பும் ஏழைப் பயணிகளின் மடிச்சுமையைக் குறைக்கவென்றே ஒரு நாடு தன் முதல் காகிதப் பணத்தை அச்சிட்டது. பணத்தின் வரலாற்றை மன்னர்களையும் வங்கிகளையும் வைத்தே எழுதிப் பழகியவர்கள் இந்தச் செய்தியை ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். அது நடுப்பக்கத்தில் இருக்க வேண்டியது.

அதுவரை அங்கே பணம் என்றால் உலோகம். 1930-களில் வந்த வெள்ளி ரியால் எடையில் ஏறத்தாழ நம்முடைய பழைய வெள்ளி ரூபாயேதான்: ஒன்று பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேல். ஆயிரம் ரியால் வைத்திருப்பவர் பதினொன்றரைக் கிலோவைச் சுமக்க வேண்டும். அதற்கு முன்பு செங்கடல் ஓரமெங்கும் ஓடியது மரியா தெரசா வெள்ளிக்காசு. ஆஸ்திரிய அரசியின் உருவமும் 1780 என்ற ஆண்டும் மாறாமல் பொறித்து, அவர் இறந்து நூற்றாண்டுகள் கடந்த பின்னும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பம்பாய் நாணயச்சாலையிலும் அடித்தார்கள். அதன் எடை 28 கிராம். பெருந்தொகைக்குப் பிரிட்டிஷ் தங்க சவரன். இவற்றுக்கு இடையிலான மாற்று விகிதம் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். ஹஜ் காலத்தில் யாத்திரிகர்கள் வந்து இறங்கியதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ரியால் தேவைப்படும். ரியாலின் விலை ஏறிவிடும். ஊரில் எண்ணி எண்ணிச் சேர்த்த பணம், கப்பல் இறங்கும் துறைமுகமான ஜித்தாவின் பணமாற்றுக்காரர் மேசையில் சற்றுக் குறைந்துதான் கைக்கு வரும்.

ஹஜ்ஜுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் செல்வர்கள் அல்லர். ஆயுள் முழுதும் சேர்த்ததை, அல்லது நிலத்தை விற்ற காசை, முடிந்துகொண்டு புறப்பட்ட உழவர்கள், நெசவாளர்கள், சிறு வியாபாரிகள். தென்னிந்தியாவிலிருந்து போனவர்கள் பெரும்பாலும் ரயிலில் பம்பாய் போய், முசாபர்கானா என்ற பயணியர் விடுதியில் தங்கிக் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் மடியிலிருந்து காசு கரையும். ஜித்தாவில் இறங்கினால் சுங்கம், படகுக்கூலி, ஒட்டகக்கூலி. 1863-64-இல் பெரும் பரிவாரத்தோடு போன போபால் அரசி சிக்கந்தர் பேகமே ஜித்தா சுங்கக்காரர்களின் கெடுபிடியைத் தம் பயணநூலில் முறையிட்டிருக்கிறார். அரசிக்கே அப்படியென்றால் சாதாரண ஹாஜியின் பாட்டை விளக்க வேண்டியதில்லை. மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஒட்டகத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வழி. அந்த வழியில் கொள்ளை சகஜம். 1920-களின் நடுவில், மக்காவும் மதீனாவும் அடங்கிய ஹிஜாஸ் பகுதி சவூதி மன்னர் அப்துல் அஜீஸின் ஆட்சிக்குள் வந்த பிறகே அது அடங்கியது.

பணத்தை எங்கே வைப்பது? இஹ்ராம் என்ற ஹஜ் உடை அணிந்த ஆணுக்குத் தைத்த ஆடை கூடாது. சட்டை இல்லை, பையும் இல்லை. ஆனால் பணம் வைக்கும் இடுப்புவாரை மட்டும் மார்க்க அறிஞர்கள் தொன்றுதொட்டு அனுமதித்திருக்கிறார்கள். வழிச்செலவைப் பத்திரமாக வைத்துக்கொள்வது யாத்திரிகரின் அடிப்படைத் தேவை என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். தமிழ்நாட்டு முஸ்லிம் பெரியவர்கள் கைலிக்கு மேல் இறுக்கிக் கட்டும், பை வைத்த அகலமான பச்சை பெல்ட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் பயன் உடனே புரியும். வெள்ளியை இடுப்பில் கட்டிக்கொண்டு பாலைவனம் கடப்பது உடம்பை வருத்தும் காரியம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்ற பழமொழி அவர்களுக்கு அன்றாட அனுபவம்.

அதே காலத்தில் ஐரோப்பாவைச் சுற்றிய பணக்காரர்களுக்கு வேறு வசதி கிடைத்திருந்தது. தாமஸ் குக் நிறுவனம் 1874-இல் சுற்றுலாப் பயணிகளுக்கான பணமுறியை வெளியிட்டது. 1891-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் மார்செல்லஸ் பெர்ரி பயணக் காசோலையை வடிவமைத்தார்: வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது இன்னொன்று, இரண்டும் ஒத்தால் பணம். எளிய, அருமையான ஏற்பாடு. ஆனால் கைநாட்டு வைப்பவருக்கு அதனால் என்ன பயன்? பெரிய நகரத்து ஓட்டலும் வங்கியும் ஏற்ற அந்தத் தாளை மக்காவை அடுத்த மினாவில் ஆடு விற்பவர் வாங்குவாரா?

தாமஸ் குக் ஹஜ் பக்கமும் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. கப்பல்களின் நெரிசலும், கைக்காசு தீர்ந்து ஜித்தாவில் ஊர் திரும்ப வழியின்றித் தவித்த யாத்திரிகர்களும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்குத் தலைவலியாக இருந்தார்கள். 1886-இல் ஹஜ் பயண ஏற்பாட்டை அரசு தாமஸ் குக்கிடம் ஒப்படைத்தது. 1895-இல் அந்த ஏற்பாடு முடிந்துபோனது. பிறகு திரும்பி வரும் பயணச்சீட்டையும் முன்னதாகவே எடுக்க வேண்டும், இல்லையேல் அதற்கான தொகையைக் கட்டிவைக்க வேண்டும் என்ற விதி வந்தது. தவிப்பைக் குறைத்த விதிதான். ஆனால் மடியின் கனத்துக்கு அது தீர்வு சொல்லவில்லை.

தீர்வு ஒரு தடையைச் சுற்றிக்கொண்டு வந்தது. 1952-இல் சவூதி அரேபிய நாணய முகமை நிறுவப்பட்டபோது, அது காகிதப் பணம் வெளியிடக்கூடாது என்று அதன் சாசனமே சொன்னது. ஆலோசனை சொன்னவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆர்தர் யங். அதற்கு முன் சீன அரசுக்கு நிதி ஆலோசகராக இருந்து, அங்கே காகிதப் பணம் மதிப்பிழந்து சிதைந்ததைக் கண்டவர். மக்களும் உலோகத்தைத்தான் நம்பினார்கள். அதனால்தான் முதல் ஆளுநர் ஜார்ஜ் புளோவர்ஸின் காலத்தில் ரசீது என்ற வடிவம் பிறந்தது. ரசீது பணமல்ல, பெட்டகத்தில் இருக்கும் உலோகத்துக்கான அத்தாட்சி. ஹாஜி ஜித்தாவில் இறங்கி, கொண்டுவந்ததைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வார். வேண்டும் இடத்தில் கொடுத்துச் செலவழிப்பார்.

ஹஜ் முடிந்து ஹாஜிகள் கப்பலேறிய பிறகும் ரசீதுகள் அங்கேயே நின்றுவிட்டன. கடைக்காரர்களும் உள்ளூர் மக்களும் அவற்றை வெள்ளியாக மாற்றாமல் அப்படியே கைமாற்றிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே 5 ரியால் ரசீது வந்தது; 1956-இல் ஒரு ரியால் ரசீது. 1961-இல் அரசு முறையான நோட்டுகளை வெளியிட்டது. 1964-இல் ரசீதுகள் செல்லாதவையாயின. அதற்குள் அவை ஒரு நாட்டு மக்களைக் காகிதத்தை நம்பப் பழக்கிவிட்டிருந்தன.

இந்தியாவும் தன் பங்குக்கு யாத்திரிகர்களுக்கென்று ஒரு நோட்டை உருவாக்கியது. அதன் காரணம் தங்கம். 1950-களில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் எங்கும் இந்திய ரூபாய்தான் புழங்கும் பணம். இந்தியாவில் தங்கத்தின் விலை வெளிச்சந்தையைவிட மிக அதிகம். கடத்தல்காரர்கள் ரூபாயை வளைகுடாவுக்குக் கொண்டுபோய்த் தங்கம் வாங்கி இந்தியாவுக்குள் கடத்தினார்கள். அங்கே குவிந்த ரூபாய் வங்கிகள் வழியாக ரிசர்வ் வங்கிக்கே வரும். அதற்கு ஈடாகப் பவுண்டு கொடுத்தாக வேண்டும். அன்னியச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த நாட்டுக்கு அது பெரிய ஓட்டை. 1959-இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. வளைகுடாவுக்கென்று தனி ரூபாய், ஹஜ் யாத்திரிகர்களுக்கென்று தனி ரூபாய்.

ஹஜ் நோட்டுகள் 10 ரூபாயிலும் 100 ரூபாயிலும் வந்தன. வரிசை எண்ணுக்கு முன்னால் ஹெச்.ஏ. என்ற இரண்டு எழுத்துகள். பத்து நீலம், நூறு சிவப்பு. இந்தியக் கடைத்தெருவில் இவை செல்லாது. சவூதியில் ரியாலாக மாற்றிக்கொள்வதற்காகவே அச்சானவை. கடத்தலைத் தடுக்கப் பிறந்த கட்டுப்பாடு என்றாலும், யாத்திரிகரை அது கைவிடவில்லை. அங்கே பணமாற்றுக்காரருக்கு இந்தத் தாளின் பின்னால் ரிசர்வ் வங்கி நிற்கிறது என்று தெரியும். பாகிஸ்தான் இதற்கும் முன்னோடி: 1950-லேயே தன் ரூபாய் நோட்டுகளில் யாத்திரிகருக்கு உரியது என்ற வாசகத்தை மேலச்சு செய்து கொடுத்தது.

1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆனது. குவைத்தும் பஹ்ரைனும் அதற்கு முன்பே தினாருக்கு மாறியிருந்தன; கத்தாரும் துபாயும் விரைந்து ரூபாயை விட்டன. ஹஜ் நோட்டும் 1970-களில் மறைந்தது. 1995-இல் பம்பாயிலிருந்து ஹஜ் கப்பல்களும் நின்றன. விமானத்தில் போகும் ஹாஜிக்கு இந்திய ஹஜ் குழு பல ஆண்டுகள் கைச்செலவுக்கு 2,100 ரியாலைக் கையில் கொடுத்து அனுப்பியது. 2023 முதல் அந்த ஏற்பாடும் மாறி, பணத்தை அவரவரே மாற்றிக்கொள்கிறார்கள். பலர் அட்டையில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

இன்று ஹஜ் நோட்டு சேகரிப்பாளர்களின் பொக்கிஷம். ஒரு நூறு ரூபாய் ஹஜ் நோட்டு லண்டன் ஏலத்தில் 56 லட்சம் ரூபாய்க்கு மேல் போனது. ஆனால் அந்த நோட்டை உண்மையில் மடியில் கட்டிக்கொண்டு போனவர்களின் கணக்கு எந்த ஏலத்திலும் வராது: எவ்வளவு கொண்டுபோனார்கள், எங்கே மாற்றினார்கள், எதற்குச் செலவழித்தார்கள், எவ்வளவு மிச்சம் பிடித்து ஜம்ஜம் தண்ணீரோடும் பேரீச்சையோடும் திரும்பினார்கள். கப்பலில் ஹஜ் செய்த பெரியவர்கள் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் வாணியம்பாடியிலும் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கேள்விகளைக் கேட்டு, சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள்.