புகுந்த வீட்டுக்கு இருபது நாள்

சிங்கவரம் மலைக்கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் பாறையில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதரைப் பார்த்ததும் இறங்கிவிடுவார்கள். தாயார் சந்நிதியில் ஒரு சாளரம் உண்டு. அதன் வழியே எட்டிப் பார்த்தால், பாறையில் செதுக்கிய பல்லவர் காலத்துக் கொற்றவை எருமைத் தலைமேல் கால் வைத்து நிற்பாள். சிறுமியாக இருந்தபோது என்னை இடுப்பில் தூக்கி அவளைக் காட்டியது என் ஆயா. நான் பெரியவளான பிறகு மாதத்தில் சில நாள் அந்தப் படியில் கால் வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். எருமையை வெட்டியவளுக்கு ரத்தம் ஆகாதா என்று ஒருமுறை கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. தேங்காயைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பினாள்.

அந்தக் கேள்வி மறுபடி எழுந்த இடம் இமயமலை. 2017இல் தோழிகள் மூவரோடு உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்துக்குப் போனேன். லோஹாஜங்கிலிருந்து வாண் கிராமம், பேத்னி புல்வெளி, பாதர் நாச்சௌணி, பகுவாபாசா, அதற்கும் மேலே 5,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் எலும்புகள் கிடக்கும் ரூப்குண்ட் ஏரி. முதுகில் பை, இரவில் கூடாரம். என் பையை இரண்டாம் நாளே கோவேறு கழுதைமேல் ஏற்றிவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செஞ்சி ராஜகிரியில் ஏறி இறங்கிய தெம்பு அங்கே செல்லுபடியாகவில்லை.

இன்று மலையேற்றக்காரர்களின் பாதை என்று அறியப்படும் இது, அதற்கு வெகு முன்பே ஒரு பெண் புகுந்த வீட்டுக்குப் போகும் வழியாக இருந்தது. அவள் பெயர் நந்தாதேவி. கட்வால், குமாவோன் மக்களுக்கு அவள் மலைச்சிகரம், தெய்வம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டிக்கொடுத்த மகள். சிவன் இருக்கும் பனிமலை அவளுடைய புகுந்த வீடு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது கணக்கு, நடப்பது அப்படியல்ல. 1968, 1987, 2000, 2014 ஆகிய ஆண்டுகளில் அவளைப் பல்லக்கில் வைத்து வழியனுப்பியிருக்கிறார்கள். ராஜஜாத் என்று அதற்குப் பெயர். நௌட்டி கிராமத்திலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய 280 கிலோமீட்டர், இருபது நாள் நடை. நான்கு கொம்பு கொண்ட ஆட்டுக்கிடா முன்னே போகும். அதன் முதுகில் நந்தாவுக்குச் சீர். கடைசி முகாம்களில் ஒன்று திரிசூல் மலையடியில், பனியாறு உருட்டிக்கொண்டு வந்த கற்கள் பரந்து கிடக்கும் சிலாசமுத்திரம். அதையும் தாண்டி ஹோம்குண்டில் கிடாவை அவிழ்த்து விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அது தனியாகப் பனிக்குள் போகும்.

ஊரூராகப் பெண்கள் நந்தாவைப் பாடி வழியனுப்புவதும், பிறந்த வீட்டைவிட்டுப் போகும் மகளாக அவளை நினைத்து அழுவதும் உண்டு. 1987 யாத்திரையோடு நடந்த மானுடவியலாளர் வில்லியம் சாக்ஸ், அந்தப் பெண்களின் சொந்த வாழ்க்கை நந்தாவின் கதையாகவே ஆகியிருப்பதை விரிவாக எழுதியிருக்கிறார். மறுவீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும் மகளின் பையில் முறுக்கும் ஊறுகாயும் திணித்துவிட்டுத் திண்ணையில் நின்று அழும் நம் அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வாண் வரைக்கும்தான் பெண்கள். அதுவே கடைசி ஊர். அங்கே நந்தாவின் சகோதரனாகக் கருதப்படும் லாட்டு கோயில் கொண்டிருக்கிறான். அதற்கு மேலே அவன்தான் துணை; பெண்கள் வரக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. அண்மை யாத்திரைகளில் பெண்கள் அதை மீறிப் போயிருக்கிறார்கள். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: போகிறவள் பெண், பாடி அனுப்புகிறவள் பெண், கூடப் போகிறவன் மட்டும் ஆண்.

கட்டுப்பாட்டுக்கு ஆதாரமாக ஒரு கதை இருக்கிறது. கன்னோசி அரசன் ஜஸ்தவல், கர்ப்பிணியான அரசி பலம்பாவையும் ஆடல் மகளிரையும் கூட்டிக்கொண்டு இந்த யாத்திரைக்கு வந்தானாம். புனித நிலத்தில் அந்தப் பெண்கள் ஆடினார்கள், கல்லாகிப் போனார்கள். அந்த இடம்தான் பாதர் நாச்சௌணி, ஆடல் மகளிர் ஆடிய இடம். கொஞ்சம் மேலே அரசிக்குப் பிரசவமானது. தீட்டுப் பட்ட நந்தா கோபம் கொண்டாள். ஆலங்கட்டி மழை பெய்து எல்லாரும் ரூப்குண்டில் மாண்டார்கள். யாத்திரைக்கு அழைத்து வந்தவன் அரசன். குற்றம் ஆட்டத்துக்கும் பேற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. பெண்ணுடம்பு செய்யக்கூடிய இரண்டு காரியங்களை எடுத்து வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான சாவுகளுக்குக் காரணம் காட்டிய கதை இது.

அந்த எலும்புகளை 1942இல் வனத்துறை அலுவலர் ஒருவர் பார்த்துச் சொன்னார். போர்க்காலம், ஜப்பானியச் சிப்பாய்களோ என்றுகூடச் சந்தேகித்தார்கள். ஆலங்கட்டிக் கதைக்குச் சாதகமாக, சில மண்டையோடுகளில் மேலிருந்து விழுந்த அடியின் தடமும் பின்னால் கண்டறியப்பட்டது. ஆனால் ஐதராபாத் ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 38 பேரின் எலும்புகளில் மரபணுவைப் படித்து 2019இல் வெளியிட்ட முடிவு கதையைக் குலைத்துவிட்டது. 23 பேர் தெற்காசிய மரபினர், கி.பி. 800ஐ ஒட்டிய காலத்தவர்; அவர்களும் ஒரே சமயத்தில் இறந்தவர்களல்லர். 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் மரபினர். அவர்கள் இறந்தது ஆயிரம் ஆண்டு கழித்து, கி.பி. 1800 வாக்கில். ஒருவர் தென்கிழக்காசியர். நெருங்கிய இரத்த உறவினர் எவரும் அவர்களுக்குள் இல்லை. ஒரே அரசன், ஒரே பாவம், ஒரே மழை என்பதற்கு அங்கே இடமில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்ட எண் வேறு. அந்த 38 பேரில் 15 பேர் பெண்கள். கட்டுப்பாடு எப்போது வந்ததோ, அதை யார் மீறினார்களோ, பெண்கள் அங்கே போயிருக்கிறார்கள். ஆண்களைப் போலவே போய், ஆண்களைப் போலவே செத்திருக்கிறார்கள். அரசியென்றும் ஆடல்மகள் என்றும் கதை இரண்டே வேடம் தருகிறது. வழிபடப் போனவள், சுமை தூக்கியவள், சமைத்தவள், மலையைப் பார்க்கும் ஆசையில் நடந்தவள் எவளுக்கும் அதில் பெயர் கிடையாது.

பெயர் என்றதும் ஊர் ஞாபகம் வருகிறது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக்குக் கமலகிரி என்றொரு பழம்பெயர் உண்டு. கமலக்கண்ணி அம்மன் இன்னும் அந்த மலையில்தான் இருக்கிறாள். மலை மட்டும் ராஜாவுடையதாகிவிட்டது. தேசிங்கு ராஜனின் மனைவி நம் நினைவில் நிற்பதும் 1714இல் தீக்குளித்தவளாக மட்டுமே. அந்தக் கோட்டைக்கு 2025இல் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தபோது வகுப்பில் இதைச் சொன்னேன். ஒரு மாணவி, “அதுக்கு முன்னாடி அவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க மேடம்?” என்று கேட்டாள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாதர் நாச்சௌணியில் கூடாரம் அடித்த அன்று இரவு எனக்கு மாதவிலக்கு வந்தது, ஆறு நாள் முன்கூட்டியே. உயரமும் குளிரும் அலைச்சலும் அப்படிச் செய்யக்கூடும் என்று உடன்வந்த மருத்துவத் தோழி சொன்னாள். வெளியே உறைபனி. கதையில் அந்தப் பெண்கள் கல்லான நிலத்தில், தூங்கும் பைக்குள் சுருண்டு கிடந்தேன். படித்தவள்தான், முனைவர் பட்டம் வாங்கியவள்தான், பயம் வந்தது. மழை வந்தால் என்னால்தான் என்று ஒரு கணம் நினைத்தேன். காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. திரிசூல் மேல் வெயில். கஞ்சி குடித்துவிட்டுப் பகுவாபாசாவுக்கு நடந்தோம்.

மறு வருடம், 2018இல், புல்வெளிகளில் இரவு தங்குவதை உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தடைசெய்தது. மிதிபட்டுத் தேய்ந்த அந்தப் புல்லைப் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தமில்லை.

ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: “அவ்ளோ பனியில துணிய எங்கடி போட்ட?”

“எங்கியும் போடலம்மா. பையில சுத்தி வச்சு கீழ எடுத்துட்டு வந்துட்டேன்.”

“அது சரி” என்றாள்.