திருத்தமும் ஆதாரமும்: அரூர்ச் சீமையின் பள்ளிக்கூட வரலாறு

1826ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆம் தேதி, சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ நாட்டுக் கல்வியின் நிலையைப் பற்றி ஒரு குறிப்புரை எழுதினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் பிறப்பித்த ஆணைக்கிணங்க ஜில்லாக் கலெக்டர்கள் அனுப்பியிருந்த கணக்குகளைத் திரட்டிப் பார்த்தபொழுது, ராஜதானியின் ஜனத்தொகை 1,28,50,941 என்றும், பள்ளிக்கூடங்கள் 12,498 என்றும், அவற்றிற் பயின்ற மாணாக்கர் 1,88,650 பேர் என்றும், அவர்களுள் பெண் குழந்தைகள் 4,540 பேர் மட்டுமே என்றும் தெரியவந்தது. இந்த மன்றோ தருமபுரி மாவட்டத்து அரூர்ப் பக்கத்து மக்களுக்கு அந்நியர் அல்லர். 1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையால் பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கும்பினியார் வசமானபோது, கேப்டன் ரீடு என்பவருக்கு உதவியாளராக வந்து, ஏறக்குறைய ஏழாண்டுக் காலம் தருமபுரியில் வாசம் செய்து, இந்தச் சீமையின் நிலங்களையும் குடிகளையும் நேரில் அறிந்தவர் அவர்.

அந்தக் குறிப்புரையில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. சென்னை நகரில் வீட்டிலேயே கல்வி கற்கும் பிள்ளைகள் 26,963 பேர் என்று கலெக்டர் கணக்கு அனுப்பியிருந்தார். பள்ளிகளிற் படிப்போரைப் போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட அத்தொகையைக் கண்டதும், இதில் ஏதோ பிழை இருத்தல் கூடும் என்று மன்றோ வெளிப்படையாகவே எழுதிவிட்டார். ஏறக்குறைய 67 பேருக்கு ஒருவரே கல்வி கற்கின்றார் என்று மொத்தக் கணக்கு காட்டிய முடிவையும் அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், பள்ளிக்குச் செல்லும் பிராயத்து ஆண் பிள்ளைகளை மட்டும் தனியே கணக்கிட்டு, வீட்டிற் கற்போரையும் உத்தேசமாகச் சேர்த்து, அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு வகையிற் கல்வி பெறுகின்றனர் என்று திருத்திக்கொண்டார். கைக்கு வந்த ஆதாரத்தைச் சோதிப்பதும், சோதித்தபின் தன் முடிவைத் திருத்துவதுமாகிய இந்த இரண்டு காரியங்களையும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்க முடியுமா என்பதே கல்வியிற் சிரத்தையுள்ளவர்கள் இன்று கேட்க வேண்டிய கேள்வி. முடியும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆனால் அதற்கான இடம் நம் பள்ளிகளில் மிகத் தாமதமாகவே உண்டாயிற்று.

மன்றோவின் கணக்கிற் சேர்ந்த பள்ளிகளுட் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். அங்கே பிள்ளை முதலில் மணலைப் பரப்பி, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினான். கை படிந்த பிறகு பனையோலையும் எழுத்தாணியும் அவனுக்குக் கிடைத்தன. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் நிகண்டும் மனப்பாடமாயின. உபாத்தியாயர் இல்லாத வேளையில் மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை பாடம் கேட்டான். பிழை விட்டவனைத் தண்டிக்கும் அதிகாரமும் சில இடங்களில் அவனுக்கு இருந்தது. பிள்ளைகள் இவ்வாறு மணலில் எழுதுவதைக் கண்டுதான், எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியின் கண்காணிப்பாளராக 1789 முதல் இருந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், அதையும் மூத்த மாணாக்கன் இளையவனுக்குக் கற்பிப்பதையும் தம் பள்ளியில் அமைத்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார்.

திண்ணைப் பள்ளியின் பெருமையை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. நினைவாற்றலை அது வளர்த்ததுபோல் வேறெதுவும் வளர்த்ததில்லை. ஆயினும் பிள்ளை அங்கே தன் சொந்த வாக்கியத்தை எழுதவில்லை. பிறர் சொன்னதை எழுதினான். முன்னோர் எழுதியதைப் பிரதி செய்தான். பிழையைக் கண்டவர் உபாத்தியாயர். அதைச் சுமந்தவன் பிள்ளை. ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டை அழிக்க இயலாது. தவறிய எழுத்தை அடித்துவிட்டு மேலே செல்ல வேண்டியதுதான். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். ஆகவே எது சரியான சொல் என்பதை நிச்சயிக்கும் சுமை படிப்பவன் தலையில் விழுந்தது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்ற பழமொழி அந்த அனுபவத்திற் பிறந்ததாகலாம்.

மணலைவிட்ட பிறகும் அழித்தெழுதும் சுதந்திரத்தைக் குழந்தைக்குத் தந்தது கற்பலகை. வேலியிற் படர்ந்த கோவைக் கொடியின் இலையைப் பறித்துக் கசக்கி, பச்சைச் சாறு வழிய வழியப் பலகையைத் துடைத்து, அது காய்வதற்குள் பொறுமையிழந்து முழங்கையாலும் ஒருமுறை தேய்த்துவிட்டு, பலப்பத்தை எடுத்து மறுபடி எழுதத் தொடங்கிய அந்தச் செய்கையைப் பள்ளிகளின் வரலாற்றை எழுதியவர்கள் போதிய அளவு மதித்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. முதன்முறை எழுதியதே முடிந்த முடிபு அன்று என்பதைத் தமிழ்ப் பிள்ளையின் கைக்கு உணர்த்தியது அதுதான். ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மாணாக்கர் தேறிய அளவைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் அளிக்கும் வழக்கம் ராஜதானியில் ஏற்பட்டபோது, இன்ஸ்பெக்டர் வந்து சோதித்தவை வாசித்தலும் சொல்வதை எழுதுதலும் கணக்குமே ஆகையால், பலகையில் வளர்ந்திருக்க வேண்டிய அந்தச் சுதந்திரம் பிழையின்றி எழுதும் பழக்கமாகச் சுருங்கிப்போயிற்று.

பிறகு வந்தது கட்டுரை நோட்டும் சிவப்பு மையும். ஒரு வகுப்பில் நாற்பது நோட்டுகளைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய், விளக்கடியில் உட்கார்ந்து, ஒற்று விடுபட்ட இடங்களிலெல்லாம் சிவப்புக் கோடிட்ட ஆசிரியர்களின் உழைப்பு வணக்கத்துக்குரியது. ஆனால் அந்தக் கோடுகளைப் பெற்றுக்கொண்ட பிள்ளை என்ன செய்தது? பிழையான சொல்லை ஐந்து முறை எழுதிக் காட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போயிற்று. முந்தைய கட்டுரை திருந்தவில்லை.

அரூரை அடுத்த தீர்த்தமலையின் மாசித் திருவிழாவைப் பற்றி நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘நாங்கள் திருவிழாவுக்குப் போனோம். கூட்டம் அதிகமாக இருந்தது. மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது’ என்று எழுதி நிறுத்திவிடுகிறது. இதில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. சிவப்பு மைக்கு இங்கே வேலையே இல்லை. “கூட்டம் அதிகம்னு எப்படிக் கண்ணு தெரிஞ்சுது?” என்று ஆசிரியை கேட்கிறார். “அப்பா என்னைத் தோள்மேல தூக்கிக்கிட்டாரு டீச்சர். கீழே நின்னா ஒண்ணும் தெரியல” என்கிறது பிள்ளை. “அதையே எழுதேன்” என்கிறார் அவர். அந்த வாக்கியம் நோட்டில் ஏறிய கணத்தில் ‘கூட்டம் அதிகமாக இருந்தது’ என்ற வாக்கியம் தேவையற்றதாகிவிடுகிறது. பிள்ளையே அதை அடித்துவிடுகிறது. திருத்தம் என்று நான் சொல்வது இதைத்தான். ஒற்றுப் பிழையைக் கவனிக்க வேண்டிய காலம் இதற்குப் பின்னர் வருவது. முதலிலேயே அதைத் தொடங்கினால் பிள்ளை தனக்குத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதித் தப்பித்துக்கொள்ளப் பழகிவிடும்.

செயல்வழிக் கற்றல் என்னும் திட்டம் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலமெங்கும் பரவியபோது, வகுப்பறைச் சுவர்களின் கீழ்ப்பகுதியிற் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி கரும்பலகைகள் அமைந்தன. அத்திட்டத்தைப் பற்றி ஆசிரியரிடையே பல அபிப்பிராயங்கள் உண்டு; ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் எழுதி அழித்து எழுதச் சுவரில் ஓர் இடம் ஒதுக்கிய அந்த ஏற்பாட்டை நான் மனமாரப் போற்றுகிறேன்.

இனி ஆதாரங்களைத் தேர்வதைப் பற்றி. இந்த வித்தையைத் தமிழர் புதிதாக எங்கிருந்தும் கற்க வேண்டியதில்லை. உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க மேற்கொண்ட பிரயத்தனத்தை நினைத்தாலே போதும். ஒரே ஏட்டை நம்பி அச்சிடாமல், ஊர் ஊராகச் சென்று பிரதிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பாடபேதங்களைக் குறித்து, 1887இல் அதை வெளியிட்ட அவர், அத்துடன் திருப்தியடையாமல் 1907இலும் 1922இலும் திருத்திய பதிப்புகளையும் வெளியிட்டார். தமிழின் பேராசிரியரே தம் நூலை முப்பத்தைந்து ஆண்டுகள் விடாமல் திருத்திக்கொண்டிருந்தார் என்பதைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லியே தீர வேண்டும்.

பிள்ளைகளின் கைக்கு நூல்கள் வர வழி செய்தவர்களுள் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியாருக்கு முதன்மையான ஸ்தானம் உண்டு. அவர் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1948இல், சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் சென்னையில் நிறைவேறிற்று. சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்பட்ட நூலக வரி சிற்றூர்களுக்கும் புத்தகங்களைக் கொண்டுவந்தது. அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகவும், அதன்பின் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை வேறு பத்துத் தொகுதிகளாகவும் வெளியிட்டது. ஒரு விஷயத்தை அறிய வேண்டுமானால் அகர வரிசையில் தேடு என்று ஒரு பத்து வயதுத் தமிழ்ப் பிள்ளையிடம் சொல்வது அன்றுதான் அர்த்தமுள்ளதாயிற்று.

ஆனால் அச்சிட்ட நூலும் தேதிக்கு உட்பட்டதே. அரூரை எடுத்துக்கொள்வோம். லெஃபானு தொகுத்து 1883இல் வெளிவந்த சேலம் ஜில்லா மானுவலிலும், ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வெளிவந்த சேலம் கெசட்டியரிலும் இவ்வூர் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி தருமபுரி மாவட்டம் தனியே பிரிந்த பிறகு எழுதிய நூல்களில் அது தருமபுரி மாவட்டத்து ஊர். 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்ததற்கு முன்னும் பின்னும் எழுதிய நூல்களில் அந்தத் தருமபுரி மாவட்டத்தின் எல்லையே வேறுவேறு. பழைய நூலைப் பார்த்த பிள்ளை ‘புத்தகத்தில் தப்பாகப் போட்டிருக்கிறது’ என்று சொல்லும். அப்போது தலைப்புப் பக்கத்தைத் திருப்பி அச்சிட்ட ஆண்டைப் பார்க்கச் சொல்வதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. கைப்பேசியிற் கிடைக்கும் செய்திக்குப் பல வேளைகளில் தலைப்புப் பக்கமே இருப்பதில்லை. யார் எழுதினார், எப்போது எழுதினார் என்ற இரண்டுக்கும் விடை கிடைக்காத செய்தியை வேறோர் இடத்திலும் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் நோட்டில் ஏற்றக் கூடாது என்பது நல்ல விதி.

நூல்களுக்கும் முந்திய ஆதாரங்கள் அரூரைச் சுற்றிலும் வயல்வெளிகளிற் கிடக்கின்றன. இருளப்பட்டி, பாப்பம்பாடி முதலிய ஊர்களிற் கிடைத்த நடுகற்கள் வட்டெழுத்தில் ஆட்சி ஆண்டையும் அரசன் பெயரையும் ஆநிரைப் பூசலில் இறந்த வீரனையும் குறிக்கும் மரபைச் சேர்ந்தவை. கள ஆய்வாளர்கள் 1970களில் இவற்றைப் படித்து வெளியிட்டனர். இந்தச் சீமையில் பல நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்று அழைத்துப் பொங்கலிட்டு வழிபடுகின்றனர். அந்தக் கல்லைப் பற்றிப் பிள்ளையின் பாட்டி சொல்வது ஒன்று. கல்லில் உள்ள எழுத்து சொல்வது வேறொன்று. கல்வெட்டு மெய், பாட்டி சொன்னது பொய் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுவது மிகச் சுலபம்; ஆனால் அது பெருந்தவறு. வீரன் எப்படி இறந்தான் என்பதற்குக் கல் ஆதாரம். அவனை இன்றும் ஊர் எப்படிப் போற்றுகிறது என்பதற்குப் பாட்டியே ஆதாரம். எந்தக் கேள்விக்கு எந்த ஆதாரம் என்பதைப் பிரித்தறியப் பிள்ளை பழகினால், ஆராய்ச்சியின் வாசற்படியை அது கடந்துவிட்டது என்றே கொள்ளலாம். அரூரை அடுத்த சித்தேரி மலைப் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிச் சாதகம் உண்டு: மலையில் விளையும் தானியங்களையும் மூலிகைகளையும் பற்றி அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் எத்தனையோ செய்திகள் எந்த நூலிலும் ஏறாதவை.

இந்தப் பழக்கத்தை வளர்க்க வழிகளும் உண்டு. 1993 முதல் நாடெங்கும் நடந்துவரும் குழந்தைகள் அறிவியல் மாநாடு, தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் பொறுப்பில், பத்து வயது முதலான பிள்ளைகளைச் சிறு குழுக்களாக்கித் தங்கள் ஊரின் ஒரு பிரச்சினையை ஆராயச் செய்கிறது. ஏரியிலும் வயலிலும் கேட்டும் அளந்தும் குறித்த நாட்குறிப்பைப் பிள்ளைகள் அறிக்கையுடன் கொண்டுவர வேண்டும். ‘இந்தக் கணக்கு எங்கே கிடைத்தது?’ என்று மதிப்பீட்டாளர் கேட்கும்போது, நாட்குறிப்பின் உரிய பக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். எழுத்துக்கும் இத்தகைய இடம் ஒன்று உண்டு. பள்ளிக் கல்வித்துறை 2022 முதல் வெளியிட்டுவரும் ‘ஊஞ்சல்’ இதழ் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது. அதற்கு அனுப்பும் எழுத்தை அரூர் வட்டத்து ஆசிரியர்கள் தாமே திருத்தி அழகாக்கி அனுப்பாமல், பிள்ளையைக் கொண்டே இரண்டு முறை திருத்தி எழுதச் செய்து, செய்தி எங்கே கிடைத்தது என்பதைக் கடைசி வரியில் அதன் கையாலேயே எழுதவைத்து அனுப்புவார்களாக.