இடந்தலையும் ஒலிபெருக்கியும்

கணினியோடு இணைத்த ஒலிபெருக்கியில் ‘பேஸ்’ என்றொரு திருகு இருப்பதைக் காணும் மாணவர், தாழ்ந்த ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் கற்றவர் மேனாட்டாரே என்று எண்ணுவர். அத்திருகு தோன்றும் முன்னரே நம் மிருதங்கக் கலைஞர் அவ்வேலையை ஒரு பிடி ரவையால் செய்து வந்தனர் என்பதை அவர்க்கு எடுத்துரைத்தல் நம் கடன்.

பழந்தமிழ் இசைநூலார் ஒலியின் இயக்கத்தை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். ஈண்டு மெலிவு என்பது தாழ்ந்த சுருதியேயன்றிக் குறைந்த ஓசையன்று. வகுப்பில் பலரும் மயங்கும் இடம் இது. மிருதங்கத்தின் இடந்தலைக்குத் தொப்பி என்றும் பெயர். கச்சேரிக்கு முன் நீர்விட்டுப் பிசைந்த ரவையை அதன் நடுவே வட்டமாக அப்புவர். தோலின் நிறை கூடவே அதிர்வு தாழ்ந்து, நாதம் கனக்கும். அளவு மிஞ்சினால் ஒலி மழுங்கும். குறைந்தால் வெறுந்தோலின் ஓசையே எழும். கச்சேரி முடிந்தபின் அதனைச் சுரண்டி எடுத்துவிடுவர். வலந்தலையில் உள்ள கரிய ‘சோறு’ நிலையானது. அதன் பயனாய் அத்தோல் தந்திக் கருவியைப் போன்று ஒழுங்கான மேற்சுரங்களைத் தருவதைச் சர் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் 1920இல் எழுதி உலகறியச் செய்தார்.

மேனாட்டில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925இல் சுருள் ஒலிபெருக்கியை விளக்கினர். ஓசையைக் குறைக்குந்தோறும் மனிதச் செவி தாழ்ந்த சுருதிகளையே பெரிதும் இழக்கிறது என்பதை 1933இல் பிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினர். இரவில் மெல்ல வைத்த வானொலி சாரமற்று ஒலிப்பது இதனாலேயே. 1952இல் ஆங்கிலப் பொறியாளர் பாக்சண்டால், தாழொலியையும் உயரொலியையும் தனித்தனியே திருத்தும் மின்சுற்றை வெளியிட்டார். கணினியின் ஒலிக்குப் பெருவழி திறந்தது நம் அண்டை நாடாகிய சிங்கப்பூர். அங்குள்ள கிரியேட்டிவ் நிறுவனத்தின் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டை 1989இல் வெளிவந்தது. பின்னர், மேசைமேல் இரு சிறு பெட்டிகளும் கீழே ஒரு பெரும்பெட்டியுமாக அமைந்த ஒலிபெருக்கிகள் பரவின. சிறு பெட்டிகளால் தாழொலிக்கு வேண்டிய காற்றை அசைக்க இயலாமையால் அப்பணி பெரும்பெட்டிக்கு வாய்த்தது. அதனை அறையின் மூலையில் வைத்தால், திருகைத் தொடாமலே சுவர்கள் தாழொலியைப் பெருக்கிவிடும்.

இதனை அறியாமல் யானே பிழை செய்தேன். பினாங்கில் எம் பள்ளி மண்டபத்தில், பெட்டியை மூலையில் வைத்துத் திருகையும் முற்றத் திருப்பி, செவிமடுத்தல் பயிற்சி நடத்தினேன். ‘மழை’ என்ற சொல்லை மாணவர் பலர் ‘மலை’ என்றெழுதினர்; கடிந்துகொண்டேன். ழகரத்தை லகரத்தினின்று பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையில் அமைவன. மிகுந்த தாழொலி அவற்றை மூடிவிடும். விழா ஒத்திகைக்கு வந்திருந்த மிருதங்க ஆசிரியர் ஒருவர் சற்றே கேட்டிருந்து, “தொப்பியில் ரவை கூடிவிட்டது, ஐயா” என்று கூறி, பெட்டியை மூலையினின்று முன்னே இழுத்துத் திருகைப் பாதிக்குக் குறைத்தார். அன்றே அப்பயிற்சியை மீண்டும் வைத்தேன். கடிந்ததற்கு மாணவரிடம் வருத்தமும் தெரிவித்தேன்.