நிழற்படங்களிற் பழைய பாரிசு
பழைய தெருப்படங்கள் வரலாற்று மாணவனுக்குச் சிறந்த சான்றுகளாம். எனினும் அவை கூறாதனவும் உள. 1838ஆம் ஆண்டிலே லூயி டாகேர் என்பார் பாரிசு நகரின் தெம்பிள் பெருந்தெருவை உயர்ந்ததொரு சாளரத்தினின்று படமாக்கினார். சனநடமாட்டம் மிக்க அத்தெரு படத்தில் வெறிச்சோடிக் கிடக்கின்றது. ஒளி பதியப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தமையால், இயங்கிய வண்டிகளும் மாந்தரும் அதிற் பதியவில்லை. சப்பாத்தைத் துலக்குவித்து அசையாது நின்ற ஒருவரின் உருவே தெளிவாய் எஞ்சியது.

1860களில், நகரைப் புதுக்கிய ஓசுமான் காலத்தில், இடிபடவிருந்த பழந்தெருக்களை நகராட்சிக்காகச் சார்லசு மார்வில் படமெடுத்தார். அவற்றிலும் கல்லும் சுவருமே துலங்குகின்றன. வீடிழந்தோர் முகங்களைக் காண்டல் அரிது.

ஆதலின், வெறுந்தெருவைக் கண்டு அங்கு வாழ்வே இருந்திலது எனத் துணிதல் தவறாம். பதிந்ததைக் காண்பதோடு பதியாததையும் உசாவுதலே வரலாறு கற்போர் கடன்.